கறித்துண்டை எடுத்த இடத்தில்

ஞாயிற்றுக்கிழமை மதியம், தட்டில் கறிக்குழம்பு விழும் நேரத்தில்தான் பெரும்பாலும் இந்த அறிவிப்பு வரும். "எனக்குக் கறி வேண்டாம். இனிமே எப்பவுமே வேண்டாம்." சொல்வது பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை. கோழிப்பண்ணை வீடியோ ஒன்றைப் பார்த்திருக்கலாம். கொல்லையில் கட்டி வளர்த்த கிடாக்குட்டி கோயில் கொடைக்குப் போயிருக்கலாம். அப்பா முதலில் சிரிப்பார். இரண்டாவது வாரமும் பிள்ளை தட்டை ஒதுக்கினால் கோபம் வரும். அம்மாவுக்கு வருவது பயம். "வளர்ற வயசு. இதையும் விட்டுட்டா உடம்புல என்ன இருக்கும்?" நாலு நாள் மௌனத்துக்குப் பிறகு அவரே ஒரு சமாதானத்துக்கு வருவார்: "துண்டு வேண்டாம்னா விடு. குழம்பை மட்டும் ஊத்திக்கோ."

சண்டை ஓய இது நல்ல வழிதான். ஊட்டச்சத்துக் கணக்கில் பார்த்தால் இதைவிட மோசமான ஏற்பாடு இல்லை. தட்டிலிருந்து ஒன்று போயிருக்கிறது, அந்த இடத்துக்கு எதுவும் வரவில்லை. கொள்கைப்படி பார்த்தாலும் ஆட்டெலும்பு வெந்த சாறு தட்டில் இருக்கத்தான் செய்கிறது. பிள்ளைக்கும் திருப்தி இல்லை, உடம்புக்கும் பயன் இல்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பிள்ளை வீட்டில் மட்டுமல்ல, ஊரிலும் தனி ஆள். 2014-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவு அமைப்பின் கணக்கெடுப்பில் மாநிலத்தில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கும் அதிகமானோர் அசைவம் சாப்பிடுகிறவர்கள். பரம்பரையாகச் சைவம் சமைக்கும் வீட்டில் எதற்குப் பதில் எது என்ற கைப்பழக்கம் தலைமுறையாக இருக்கும்: எந்த நாளில் கூட்டு, எதற்கு மோர்க்குழம்பு, சாயங்காலம் என்ன சுண்டல் என்று. கறி சமைக்கும் வீட்டில் காய்கறிச் சமையல் பெரும்பாலும் வாரநாளின் அவசரச் சமையல். சத்துக்கு என்று தனியாகச் செய்வது கறியும் மீனும் முட்டையும்தான். அவற்றை நீக்கினால் மிஞ்சுவது அந்த அவசரச் சமையல் மட்டும்.

பெற்றோரின் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. பயப்பட வேண்டிய சத்து எது என்பதில்தான் குழப்பம். எல்லோரும் முதலில் கேட்பது புரதத்தை. அதில் பெரிய ஆபத்து இல்லை என்பதைக் கூட்டிக் கழித்தே பார்த்துவிடலாம்.

ஞாயிறு மட்டும் கறி எடுக்கும் வீடு என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையின் பங்குக்கு 150 கிராம் இறைச்சி வந்தால் அதில் புரதம் சுமார் 30 கிராம். ஏழு நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு நாலு கிராமும் சொச்சமும். அதை ஈடுகட்ட 20 கிராம் வேர்க்கடலை போதும், ஒரு கைப்பிடிகூட ஆகாது. இவ்வளவுக்குத்தான் வீடே இரண்டாகியிருக்கிறது. தினமும் மீன் புழங்கும் தூத்துக்குடி, நாகப்பட்டினத்து வீடுகளில் இழப்பு இதைவிடப் பெரியது. அங்கே இந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 16 முதல் 18 வயது வரையுள்ள ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு 55 கிராம் புரதம் வேண்டும், பெண்பிள்ளைக்கு 46 கிராம். மூன்று வேளைக்கும் சேர்த்து 250 கிராம் அரிசி என்றால் அதிலேயே 20 கிராம் வந்துவிடும். துவரம்பருப்பு 50 கிராமில் 11, இட்லி மாவிலுள்ள உளுந்தில் 6, இரண்டு டம்ளர் பாலில் 13, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 7, கொஞ்சம் வேர்க்கடலையில் 7. கூட்டினால் 64. மீல் மேக்கரைத் தொடாமலே இலக்கைத் தாண்டிவிட்டோம். உலர்ந்த மீல் மேக்கரில் எடையில் பாதிக்குமேல் புரதம். அரிசியில் லைசீன் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு; இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். ஒரே வேளையில் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, ஒரே நாளில் இரண்டும் உள்ளே போனால் போதும். இட்லி சாம்பார் சாப்பிடுகிறவர்கள் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

இதே தட்டுக்கு இரும்புச்சத்துக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், காட்சி மாறிவிடும். அரிசியில் ஒன்றரை மில்லிகிராம், பருப்பு உளுந்தில் மூன்று, சுண்டலில் இரண்டே முக்கால், வேர்க்கடலையில் ஒன்று, நூறு கிராம் முருங்கைக்கீரையையும் சேர்த்தால் இன்னொரு நாலரை. மொத்தம் 13 மில்லிகிராமுக்குப் பக்கம். அதே 2020 பரிந்துரை 16 வயதுப் பையனுக்குக் கேட்பது 26, பெண்ணுக்கு 32. புரதம் தளும்புகிறது, இரும்பு பாதியில் நிற்கிறது.

இந்த வயதில் ஏன் இவ்வளவு தேவை? பையனுக்கு ஒரே வீச்சில் உயரமும் தசையும் கூடுகின்றன, அதற்கேற்ப ரத்தத்தின் அளவும் கூட வேண்டும். பெண்ணுக்கு வளர்ச்சியோடு மாதவிடாய் இழப்பும் சேர்கிறது. அம்மாக்களுக்கு இது தெரியும். கறிக்கடையில் நின்று, "சுவரொட்டி இருந்தா எடுத்து வைங்கண்ணே, பிள்ளை வயசுக்கு வந்திருக்கு" என்று சொல்லிவைப்பது அந்த அறிவுதான். சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். பழைய சிவப்பணுக்கள் உடைக்கப்படும் இடம் என்பதால் அங்கே இரும்பு குவிந்திருக்கும். ரத்தம் ஊற அதைச் சுட்டோ மிளகு போட்டு வதக்கியோ கொடுத்த பாட்டிக்கு ஊட்டச்சத்து அட்டவணை தேவைப்படவில்லை. பிள்ளை கறியை மறுக்கும்போது இந்தக் கைவைத்தியமும் சேர்ந்து மறுக்கப்படுகிறது. அம்மாவுக்கு உறுத்துவது அங்கேதான், புரதத்தில் அல்ல.

இறைச்சியிலுள்ள இரும்பில் ஒரு பகுதி ஹீம் என்ற கூண்டுக்குள் இருக்கிறது. குடல் அதை அப்படியே உள்ளே எடுத்துக்கொள்ளும். கால் பங்கு வரை உடலில் சேரும். கீரை, பருப்பு, தானியத்தில் இருப்பது கூண்டில்லாத இரும்பு. தானியத்தின் தவிட்டிலும் பருப்பின் தோலிலும் உள்ள ஃபைடிக் அமிலம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தேநீரின் பாலிபீனால்களும் பிடிக்கும். பத்தில் ஒரு பங்கு சேர்வதே பெரிது. பரிந்துரையில் 32 என்ற பெரிய எண் வந்ததற்கு இந்தக் குறைந்த சேர்மானமும் காரணம்.

ஆகவே இன்னும் ஒரு கட்டுக் கீரை வாங்குவதைவிட, தட்டில் ஏற்கெனவே உள்ள இரும்பை உள்ளே போகவைப்பது பலன் தரும். வைட்டமின் சி இந்த இரும்பைக் குடல் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றுகிறது, ஃபைடிக் அமிலத்தின் பிடியையும் தளர்த்துகிறது. ஆனால் அதே வேளையில் உள்ளே போக வேண்டும். காலையில் நெல்லிக்காய் ஜூஸ் குடித்துவிட்டு மதியம் கீரை சாப்பிட்டால் இரண்டும் சந்திக்காது. சுண்டலை இறக்கியபின் எலுமிச்சை பிழிவது, சாப்பாடு முடித்த கையோடு பாதிக் கொய்யா தின்பது, இவ்வளவுதான் வேலை. சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அந்த வேளை இரும்பில் பாதிக்குமேல் வீணாகலாம்; ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். கடலையை இரவே ஊறப்போடுவதும், பயறை முளைகட்டுவதும், மாவைப் புளிக்கவைப்பதும் ஃபைடிக் அமிலத்தைக் குறைக்கும். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் சட்டியிலிருந்தே கொஞ்சம் இரும்பு இறங்கும். வீட்டில் இதெல்லாம் ஏற்கெனவே நடப்பதுதான், என்ன ஒன்று, ருசிக்காகச் செய்கிறோம்.

பீட்ரூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் சிவப்பு பீட்டாலெயின் என்ற நிறமி, ரத்தத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நூறு கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. பிள்ளை கறியை விட்ட மறுநாளே அடுக்களையில் பீட்ரூட் மலை குவியும் வீடுகளுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரும்பாவது கீரையில் கொஞ்சம் உண்டு. பி12 எந்தக் கீரையிலும் எந்தப் பருப்பிலும் இல்லை. செடிக்கும் அதைச் செய்யத் தெரியாது, விலங்குக்கும் தெரியாது, சில நுண்ணுயிர்களுக்கு மட்டுமே தெரியும். ஆடுமாடுகளின் இரைப்பையில் வாழும் பாக்டீரியாக்கள் செய்வது பாலுக்கும் கறிக்கும் வருகிறது. நடுவில் ஒரு கோபால்ட் அணு உட்கார்ந்திருக்கும் இந்தச் சிக்கலான மூலக்கூறைப் பிரித்தெடுத்தது 1948-இல். அதன் அமைப்பை எக்ஸ்-கதிர்களால் கண்டறிந்த டோரதி ஹாட்ஜ்கினுக்கு 1964-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஆராய்ச்சியில் நம் பக்கத்து ஊர்களுக்கும் பங்கு உண்டு. 1920-களின் கடைசியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய் ஆலைத் தொழிலாளிகள் நடுவே கர்ப்பிணிகளுக்கு வந்த ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் சென்னை கோஷா மருத்துவமனையிலும் சில காலம் வேலை செய்தார். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அந்த ரத்தசோகையைத் தீர்ப்பதை அவர் 1931-இல் எழுதினார். அதிலிருந்த சத்து ஃபோலிக் அமிலம் என்பது பிறகு தெரிந்தது. அது கீரையில் தாராளமாக உண்டு. சிக்கலும் அதில்தான். ஃபோலிக் அமிலம் நிறையக் கிடைத்துப் பி12 கிடைக்காவிட்டால், ரத்தப் பரிசோதனையில் கோளாறு மறைந்துவிடலாம். நரம்புகளின் பாதிப்பு மட்டும் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கும். பள்ளிகளில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையில் இருப்பது இரும்பும் ஃபோலிக் அமிலமும். பி12 இல்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் உடன் பணியாற்றியவர்களும் 1963-இல் ஓர் அறிகுறியைப் பதிவு செய்தார்கள். பி12 குறைந்தவர்களுக்கு விரல் முட்டிகளின் மேல்தோல் கறுத்துப் போகிறது, ஊசி போட்டதும் மாதங்களில் தெளிகிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகாத இந்தக் கறுப்பை வெயில் என்றோ அழுக்கு என்றோ நினைப்போம். நாக்கு வழவழப்பாகச் சிவந்து எரிவது, கைகால் விரல்களில் எறும்பு ஊர்வதுபோல் இருப்பது, காரணமில்லாத சோர்வு, படித்தது மனதில் நிற்காதது ஆகியவையும் இதே பட்டியலில் வரும். அதே வேலூர்க் குழுவில் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் 1980-இல் 'நேச்சர்' இதழில், நம் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்களும் பி12 செய்யக்கூடும் என்று எழுதினார்கள். அதை நம்பி யாரும் பாலை விட முடியாது; தேவையான அளவு கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

2016 முதல் 2018 வரை நடந்த தேசிய முழுமை ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயது வரையுள்ள இந்தியப் பிள்ளைகளில் 31 சதவீதத்தினருக்குப் பி12 குறைபாடு இருந்தது. அசைவம் சாப்பிடுகிற வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் அடக்கம். என்றோ ஒருநாள் கறி எடுக்கும் வீட்டில் கையிருப்பு முன்பே குறைவாக இருக்கலாம் என்று அர்த்தம். நல்ல கையிருப்பு உள்ளவருக்கு உடலில், பெரும்பாலும் கல்லீரலில், இரண்டு முதல் ஐந்து மில்லிகிராம் வரை சேமிப்பு இருக்கும், வருடக்கணக்கில் தாங்கும். "விட்டு ஒரு வருஷமாச்சு, எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று பிள்ளை மார்தட்டுவதில் பொருள் இல்லாமல் போவது இதனால்தான். அந்த ஒரு வருஷமும் ஓடியது பழைய சேமிப்பில்.

தேவை நாளொன்றுக்கு இரண்டு மைக்ரோகிராம் சொச்சம்தான். ஒரு டம்ளர் பாலில் கிட்டத்தட்ட ஒரு மைக்ரோகிராம், ஒரு முட்டையில் அரை. ஆனால் ஒரே மூச்சில் குடித்துத் தீர்க்கும் விஷயமல்ல இது. இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் பி12-ஐக் கைப்பிடித்துச் சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை கொண்டுபோய்விட வேண்டும். அங்கே உள்ள ஏற்பிகள் பேருந்தின் இருக்கைகள் மாதிரி. ஒரு வேளைக்கு ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராமோடு நிரம்பிவிடும், பிறகு வருவதில் நூற்றுக்கு ஒரு பங்குதான் தொற்றிக்கொண்டு உள்ளே போகும். காலையில் பால், மதியம் தயிர், இரவு மோரோ பாலோ என்று பிரித்துக் குடிப்பதன் லாபம் அதுதான். மாத்திரையில் 500, 1000 என்று பெரிய எண் இருப்பதும் அந்த ஒரு சதவீதத்தை நம்பித்தான், யாரையும் ஏமாற்ற அல்ல.

முட்டையிலாவது சமரசம் செய்துகொள்ளலாம் என்று பல வீடுகளில் பேசுவார்கள். பிள்ளை ஒப்புக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஒப்புக்கொள்ளாவிட்டால், சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுப்பதைப் போலச் செய்துவிடக் கூடாது. வாழைப்பழம் நல்ல பண்டம்தான், ஆனால் அதில் புரதம் ஒரு கிராம், பி12 அறவே இல்லை. பாலையும் விட்டு முழுத் தாவர உணவுக்குப் போகிற பிள்ளை என்றால் பேச்சே வேண்டாம், முதல் நாளிலிருந்தே பி12 மாத்திரை கட்டாயம். 2016-இல் அமெரிக்க உணவியல் கழகம், நன்றாகத் திட்டமிட்ட சைவ உணவு வளரிளம் பருவம் உட்பட எல்லா வயதுக்கும் ஏற்றது என்றது. அதே ஆண்டு ஜெர்மானிய ஊட்டச்சத்துச் சங்கம் பாலும் விட்ட உணவைக் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் பரிந்துரைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண்பாடு பெரிதாக இல்லை. எல்லாம் அந்தத் 'திட்டமிட்ட' என்பதில் தொங்குகிறது, பதினைந்து வயதில் திட்டம் யார் போடுவது என்பதுதான் கேள்வி.

திட்டமில்லாத உணவு என்ன செய்யும் என்பதைக் குன்னூர் எலிகள் காட்டின. அங்கே ராபர்ட் மெக்கரிசன் 1920-களில் நாட்டின் பல பகுதி மக்களின் சாப்பாட்டைக் குட்டி எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய், வாரம் ஒருமுறை கொஞ்சம் இறைச்சி என்ற சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. தீட்டிய அரிசியும் சொற்பப் பருப்பும் துளிப் பாலுமாக இருந்த மதராஸ் சாப்பாட்டு எலிகள் கடைசி வரிசையில் நின்றன. அவர் கண்ட வித்தியாசத்தில் பாலும் முழுத் தானியமும் பச்சைக் காயும்தான் பெரிய பங்கு. வெள்ளைச் சோறும் ரசமும் அப்பளமும் என்று கறியை விட்ட பிள்ளை வாழ ஆரம்பித்தால் அந்தக் கடைசி வரிசைதான். அம்மாவின் பயம் இங்கே முழுக்க நியாயம்.

எலும்பைப் பற்றிச் சுருக்கமாக. உயரம் வேகமாகக் கூடும் நாலைந்து வருடங்களில்தான் வாழ்நாள் எலும்புச் சேமிப்பில் ஐந்தில் இரண்டு பங்கு சேர்கிறது. கால்சியம் ஆயிரம் மில்லிகிராம் வேண்டும். பால், தயிர், கேழ்வரகு, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை இருந்தால் எட்டிவிடலாம். பசலை வகைக் கீரையில் கால்சியம் இருந்தும் ஆக்சலேட் விடாது. கனடாவில் சுமார் 9,000 சிறு குழந்தைகளை ஆராய்ந்து 2022-இல் வந்த கட்டுரை, சைவக் குழந்தைகளின் உயரத்திலும் இரும்பு அளவிலும் பெரிய வித்தியாசம் காணவில்லை. எடை குறைவாக இருக்கும் வாய்ப்பு மட்டும் ஏறத்தாழ இரு மடங்கு. ஆக, வயிறு நிறையும் முன் தட்டு காலியாகிறதா என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி வீட்டு அரசியல். பெஞ்சமின் பிராங்க்ளின் பதினாறு வயதில், தாமஸ் டிரையன் என்பவர் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டுக் கறியை நிறுத்தினார். அப்போது பாஸ்டனில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் பழகுநர். அண்ணன் வெளியில் காசு கொடுத்து எல்லோருக்கும் சாப்பாடு ஏற்பாடு செய்திருந்தார். இவர் மட்டும் கறி வேண்டாம் என்றதால் எரிச்சல், தினம் ஏச்சு. பிராங்க்ளின் விவாதம் செய்யவில்லை. எனக்காகக் கொடுக்கும் பணத்தில் பாதியை என் கையில் கொடு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். உருளைக்கிழங்கும் சோறும் வேகவைக்கக் கற்றுக்கொண்டார், அந்தப் பாதியிலும் பாதி மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்கினார். பிற்பாடு கப்பலில் போகும்போது பொரித்த மீனின் வாசனைக்கு மசிந்து கொள்கையை விட்டது வேறு கதை. பிள்ளை தானே அடுப்படிக்கு வந்து கடலையை ஊறப்போட்டுச் சுண்டல் தாளித்தால், அம்மாவின் முக்கியமான குறையான "எனக்கு ரெண்டு சமையல்" என்பது அன்றே அடங்கும்.

அடங்காத குறை ஒன்றுண்டு, அதைப் பிள்ளைகள் கவனிப்பதில்லை. "சீ, எப்படித்தான் இதைச் சாப்பிடுறீங்களோ" என்று சாப்பாட்டு நேரத்தில் மூக்கைப் பிடிப்பது பெற்றோருக்கு வேறு நினைவுகளைக் கொண்டுவரும். 'சைவம் மட்டும்' என்ற பலகையைப் பார்த்து வாடகை வீட்டு வாசலிலிருந்து திரும்பியவர்கள் இங்கே ஏராளம். சாப்பாட்டை வைத்துச் சாதி கேட்ட வாய்களை அவர்கள் மறக்கவில்லை. அதே தொனி சொந்தப் பிள்ளையிடமிருந்து வந்தால், ஆட்டின் மேலுள்ள இரக்கம் அவர்கள் காதில் விழாது. பிள்ளையின் காரணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அம்மாவின் மீன்குழம்பைக் கேவலம் என்று பேசாமல் மறுக்க முடியும். முடிய வேண்டும்.

பெற்றோர் பக்கமும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கறியோடு சேர்த்து எண்ணெய், தயிர், வேர்க்கடலை, சோறு என்று ஒவ்வொன்றாகக் கழிகிறதா, பிள்ளை அடிக்கடி எடை பார்க்கிறாளா, மாதவிடாய் தள்ளிப்போகிறதா? அப்படியானால் பேச்சு சைவத்தைப் பற்றியதே அல்ல. உடல் மெலிவதற்கான பட்டினிக்குச் சைவம் என்ற மரியாதையான பெயர் வைத்துக்கொள்வது வளரிளம் பருவத்தில் நடக்கிறது என்பதை மருத்துவர்கள் அறிவார்கள். அதற்குத் தேவை சமையல் குறிப்பு அல்ல, மருத்துவ உதவி. மிரட்டிக் கறியை ஊட்டுவது அதை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும்.

மற்றபடி, கறியை விடும்போதே ஒருமுறை ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12 மூன்றையும் பார்த்துவைத்துக்கொண்டு, வருடம் கழித்து மறுபடி பார்ப்பது வீட்டு வாக்குவாதத்தில் பாதியைக் குறைக்கும். "நீ இளைச்சுட்டே" என்பதற்கும் "இல்லவே இல்லை" என்பதற்கும் நடுவில் ஒரு தாள் இருக்கும். எண்கள் இறங்கியிருந்தால் மாத்திரை எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். இரும்பைத் தேவையில்லாமல் விழுங்குவதும் கெடுதல். கடையில் வாங்கும்போது கேப்ஸ்யூல் வேண்டாம், மாத்திரையாகக் கொடுங்கள் என்று கேட்பது நல்லது. பி12 பாக்டீரியாவை வளர்த்து எடுப்பதுதான், அதில் பிள்ளைக்கு ஆட்சேபம் இருக்காது. கேப்ஸ்யூலின் உறை பெரும்பாலும் மாட்டெலும்பு, தோல் இவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டின்.